ஒரு பிரிவு கீழே

அடுத்த போட்டிக்கு யெரினைப் பி பிரிவில் சேர்த்துவிட்டதாகச் சாங்ஹோ சொன்னபோது அவள் பார்பெல்லிலிருந்து எடைத்தட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சாங்ஹோ அவளுடைய கோச். தென்கொரியாவில் சாங்வோன் என்ற ஊரில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன ஜிம்முக்குச் சொந்தக்காரரும் அவர்தான். சொல்லிவிட்டு அங்கே நிற்கவில்லை. ஈர மாப்பைத் தள்ளிக்கொண்டு அடுத்த மூலைக்குப் போய்விட்டார்.

அவள் விடவில்லை, பின்னாலேயே போனாள்.

"கோச், நான் ரெண்டு வருஷமா ஏ-ல ஆடுறேன்."

"ஆடுற. ரிசல்ட் பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சுப் படிச்சா உன் பேரு சீக்கிரமா வந்துடுது." மாப்பு நிற்கவே இல்லை. "ஏ-ல கடைசிக்கு முந்தி வந்தவன்னு சொல்லி நான் யாரைக் கூப்பிட முடியும்? பி-ல முதலாவதுன்னா வாசல்ல உன் போட்டோவைப் பெரிசா வைப்பேன். ஜிம்முல ஆள் குறைஞ்சுக்கிட்டே போறது உனக்குத் தெரியாதா?"

தெரியும். மாலை வகுப்பில் முன்பெல்லாம் கம்பிக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். இப்போது எந்தக் கம்பி வேண்டுமானாலும் கிடைத்தது.

இந்தப் போட்டிகளில் பார்பெல் தூக்குவது, கம்பியில் தொங்குவது, துடுப்பு மெஷின் இழுப்பது, ஓடுவது என்று எல்லாம் கலந்திருக்கும். எது வரும் என்று அன்றைக்குத்தான் தெரியும். அதனால் எதிலும் ஓட்டை இருக்கக் கூடாது. ஓட்டையே இல்லாதவர்கள் ஏ பிரிவு. புதிதாக வந்தவர்கள் சி. ஒன்றில் புலியாகவும் இன்னொன்றில் பூனையாகவும் இருக்கிற மற்ற எல்லாருக்கும் பி. யெரின் பள்ளிக்கூட நாளில் பளுதூக்குதல் அணியில் இருந்தவள். பாரம் என்று வந்தால் ஏ பிரிவின் முதல் ஐந்து பேரோடு சரிக்குச் சரி நிற்பாள். ஆனால் அந்தப் பெண்கள் பாரத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்கு நடந்து போகிற நாலு எட்டில் மூச்சைத் திரும்ப வாங்கிவிடுவார்கள். யெரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பாள். நிமிர்ந்து பார்க்கும்போது அவர்கள் பாதி வேலையை முடித்திருப்பார்கள்.

புசானில் நடக்கப்போகிற தென்கரைக் கோப்பையில் ஒரு விதி இருந்தது. வளையங்களில் தொங்கி, ஒரே வீச்சில் இடுப்பு வளையத்துக்கு மேலே வரும்வரை எழும்பத் தெரிந்தவர்கள் ஏ பிரிவில்தான் சேர வேண்டும். மசில்-அப் என்பார்கள். யெரினுக்கு அது கடந்த குளிர்காலத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. உடம்பு நன்றாக இருக்கிற நாளில் வரும், மற்ற நாளில் வராது.

"வராத நாளும் இருக்குல்ல? அப்ப தெரியாதுன்னுதானே அர்த்தம்" என்றார் சாங்ஹோ.

பிரிவை மாற்றிக்கொள்ளப் போட்டி நடத்துகிறவர்கள் வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் கொடுத்திருந்தார்கள். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற யெரின் அந்த வாரம் முழுக்க அடுத்தவர்கள் வாயில் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு அதையே யோசித்தாள். அவள் புஜத்தைப் பார்த்துவிட்டுப் பல்லைப் பிடுங்காமல் விட்டால் சரி என்று கேலி பண்ணுகிற கிழவர்களிடம் சிரித்தாள். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. கோச் சொன்னதால்தான் பேசாமல் இருந்தேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாலும், உள்ளுக்குள் அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை, மேடையில் நடுப்படியில் ஏறி நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

போட்டி அன்று புசானில் காற்றே இல்லை. தாதேபோ கடற்கரையை ஒட்டிய விளையாட்டு அரங்கில் மின்விசிறிகள் வெந்நீர் ஆவி மாதிரி காற்றைத் தள்ளின. முதல் சுற்று பார்பெல். தரையிலிருந்து தோளுக்கு யார் அதிகம் தூக்குகிறார்கள் என்பதுதான். சாங்ஹோ அவள் காதோடு சொன்னார். எல்லாரும் தூக்கி முடிக்கட்டும், அதற்கு மேலே கொஞ்சம் மட்டும் வைத்துத் தூக்கு, உன் முழு எடையைத் தொடவே தொடாதே.

காத்திருந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கடல்பாசியில் சோற்றைச் சுருட்டி நறுக்கிய கிம்பாப் துண்டு ஒன்றை நீட்டினாள். குள்ளமான, கட்டையாக முடி வெட்டிய பெண். பெயர் நாரே; வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கிம்ஹேயில் வீடு மாற்றித் தருகிற கம்பெனியில் வேலை. வீட்டுக்காரர்களின் சமையலறையைக் காலி பண்ணிக் கட்டுவது அவள் பொறுப்பு. ஊறுகாய்ப் பானையில் எது நிரம்பியிருக்கிறது, எது காலி என்று தொடாமலே சொல்லிவிடுவேன் என்று சிரித்தாள். மூன்று வருடமாகப் பி பிரிவில் ஆடுகிறாள். இரண்டு தடவை இரண்டாவது.

"இந்த வருஷமும் ரெண்டாவதுதான் போலிருக்கு" என்றாள், யெரினுடைய தோளைப் பார்த்தபடி.

யெரின் பாதி கடித்த கிம்பாப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

நாரே தன் பாரத்தைத் தூக்கியபோது கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பார்பெல் தோளில் வந்து விழுந்ததும் தள்ளாடி, ஒரு காலைப் பின்னால் வைத்து, எப்படியோ நிமிர்ந்தாள். அதில் அவள் மூன்றாவது. பச்சைப் பனியன் போட்ட ஒரு பெண் இரண்டாவது. கடைசியாகப் போன யெரின், பச்சைப் பனியனைவிடக் கொஞ்சம் கூட வைத்துத் தூக்கினாள். எவ்வளவுதான் அடக்கினாலும் பார்பெல் பட்டென்று தோளுக்கு வந்துவிட்டது. கஷ்டப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள மறந்துபோனாள். அரங்கில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பாராட்டுகிறார்களா சந்தேகப்படுகிறார்களா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது சுற்றில் துடுப்பு மெஷின், அதன்பின் கம்பியில் தொங்கி மோவாயை மேலே கொண்டுவருவது, மறுபடி மெஷின். மூச்சு வாங்கியது. ஆனாலும் கம்பியில் மற்றவர்கள் இறங்கி இறங்கிக் கையை உதறிக்கொண்டிருந்தபோது அவள் ஒரே தொங்கலில் முடித்தாள். பிறகுதான் நினைவு வந்தவளாக, வலிக்காத கைகளை அவளும் உதறினாள். அதிலும் அவளே முதல். நாரே இரண்டாவது.

மத்தியான இடைவேளையில்தான் விஷயம் வந்தது. அமைப்பாளர்களில் ஒருவரான பியோ, கழுத்தில் விசில் தொங்க, நேராக அவர்களிடம் வந்தார். நிதானமான மனிதர். குரலை உயர்த்தவில்லை. போன மாதம் தேகுவில் ஒரு ஜிம்மில் நட்பு ஆட்டம் ஒன்று நடந்ததாமே, அங்கே இந்தப் பெண் மசில்-அப் பண்ணினதாக ஒருவர் புகார் சொல்கிறார், உண்மையா என்று கேட்டார். கொஞ்சம் தள்ளிப் பச்சைப் பனியன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

யெரின் வாயைத் திறப்பதற்குள் சாங்ஹோ பதில் சொல்லிவிட்டார். இவள் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறாள், முயற்சி பண்ணியதை யாராவது பார்த்துவிட்டு வந்ததாக நினைத்திருப்பார்கள் என்றார். பியோ யெரினைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். பார்பெல் வழுக்காமல் இருக்க உள்ளங்கையில் பூசிய வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தேகு ஆட்டத்துக்கு வேற யாரு போயிருந்தீங்க?" என்று பியோ சுற்றிலும் கேட்டார்.

நாரே கையைத் தூக்கினாள்.  அந்தத் தேகு ஜிம்மில் எல்லாரும் சுவரோரமாக நெருக்கியடித்து நின்றதும், அதில் கட்டையாக முடிவெட்டிய ஒரு தலை இருந்ததும் யெரினுக்கு இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"நான் போயிருந்தேன்" என்றாள் நாரே. "இவ மசில்-அப் பண்ணி நான் பாக்கல."

பியோ எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் பார்த்தேன் என்கிறார், ஒருவர் இல்லை என்கிறார். ஆட்டத்தைப் படம் எடுத்தவர்களும் யாரும் இல்லை. சரி, ஆட்டம் தொடரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பச்சைப் பனியன் தரையில் துப்பாத குறையாகத் திரும்பி நடந்தாள். சாங்ஹோ நீளமாக மூச்சுவிட்டுவிட்டு, கடைசிச் சுற்றுக்கான கணக்கைச் சொல்ல ஆரம்பித்தார். மூன்று சுற்று இடங்களையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவர்களுக்கே கோப்பை. கடைசியில் நாரே முதலாவது வந்தால்கூட, யெரின் மூன்றாவதுக்குள் வந்தால் போதும். ஆரம்பத்தில் வேகமெடுக்காதே, ஆட்களோடு ஆட்களாக ஓடு.

அவள் தலையாட்டினாள். காதில் எதுவும் விழவில்லை.

கடைசிச் சுற்றை மணலில் வைத்திருந்தார்கள். கடல் வெகுதூரம் உள்ளே போயிருந்தது. ஈர மணல் கண்ணாடி மாதிரி மின்னியது. தூரத்தில் ஒரு சிவப்புக் கொடி. ஓடிப்போய்க் கொடியருகே கிடக்கிற மணல்மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வர வேண்டும். மூட்டையை இறக்கிவிட்டு, மறுபடி வெறுங்கையோடு கொடியைத் தொட்டுத் திரும்ப வேண்டும். யெரின் செருப்பைக் கழற்றிவிட்டு ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தபோது நாரே வந்து பக்கத்தில் குந்தினாள்.

"தேகுவுல மூணு பண்ணின" என்றாள், தன் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே. "மூணாவது கோணலா வந்துச்சு. வலது கை முந்திக்குது உனக்கு."

யெரின் நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா... அப்புறம் ஏன் அவருகிட்ட..."

"உன்னைத் தூக்கிட்டா நான் யாரை ஓடி ஜெயிக்கிறது? ரெண்டு வருஷமா ரெண்டாவது வந்தேன். மூணாவது வருஷம் முன்னாடி இருந்தவளை வெளியே அனுப்பிட்டாங்க, அதனால ஜெயிச்சேன்னு எங்க கம்பெனியில போய்ச் சொல்லவா?" நாரேயின் குரலில் கோபம் இல்லை. அதுதான் யெரினுக்குத் தாங்கவில்லை. "காலையில பார்பெல்லை அளந்து தூக்கினல்ல? பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பிச்சை போடுற மாதிரி இருந்துச்சு. மணல்ல அந்த வேலை வேணாம். உங்கிட்ட என்ன இருக்கோ எல்லாத்தையும் எடுத்து ஓடு. அதுக்கப்புறம் நீ ஜெயிச்சா நான் வாயைத் திறக்க மாட்டேன்."

எழுந்து, மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு கோட்டுக்குப் போனாள்.

விசில் ஊதியதும் யெரின் கிளம்பிய வேகத்தைப் பார்த்துச் சாங்ஹோ இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆட்களோடு ஆட்களாக அவள் ஓடவில்லை. முதல் அடியிலிருந்தே முன்னால் போனாள். அன்றைக்குக் காலையிலிருந்து அடக்கி அடக்கி வைத்திருந்த உடம்பு, விட்டால் போதும் என்று பாய்ந்தது. கொடியை அடைந்தபோது பின்னால் யாருடைய காலடியும் கேட்கவில்லை. மூட்டையைக் குனிந்து அணைத்து ஒரே இழுப்பில் தோளுக்கு ஏற்றினாள். மற்றவர்கள் மூட்டையை மடியில் உருட்டி, இடுப்பில் ஏற்றி, தோளுக்குக் கொண்டுவரத் திண்டாடிய நேரத்தில் அவள் பாதி தூரம் வந்துவிட்டாள். கூட்டத்திலிருந்து சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் கூசவில்லை. காலையிலிருந்து இப்போதுதான் அவள் நிஜமாக ஆடிக்கொண்டிருந்தாள்.

மூட்டையைக் கோட்டில் போட்டாள். திரும்பி ஓட ஆரம்பித்தாள். பத்தடி போவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது.

முதலில் தொடை போனது. கால் தன்னுடையதில்லாத மாதிரி மணலில் அழுந்தியது. எடுக்க எடுக்க மணல் பிடித்து வைத்துக்கொண்டது. அப்புறம் மூச்சு. உள்ளே இழுத்தது பாதியிலேயே நின்று திரும்பி வந்தது. இது அவளுக்குப் புதிதில்லை. ஏ பிரிவில் ஒவ்வொரு தடவையும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்வாள். ஒரு பிரிவு கீழே இறங்கினால் இது மேலேயே நின்றுவிடும் என்று நினைத்திருந்தாள். கூடவே இறங்கி வந்திருந்தது.

பின்னால் காலடி கேட்டது. சின்னச் சின்ன அடி, ஒரே தாளத்தில், கொஞ்சமும் மாறாமல். அந்தத் தாளத்தைக் கேட்டபடியே ஓடினாள். நெருங்கியது. அவளுக்குப் பக்கத்தில் வந்தது. நாரே அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாயால் ஊதி ஊதி விட்டுக்கொண்டு, தோள் இரண்டும் தளர்ந்து தொங்க, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி தாண்டிப் போனாள்.

யெரின் ஒட்டிக்கொள்ளப் பார்த்தாள். ஐந்தாறு எட்டு ஒட்டினாள். நெஞ்சுக்குள் யாரோ கம்பளியை அடைத்த மாதிரி இருந்தது. நாரேயின் முதுகு தள்ளித் தள்ளிப் போய்க் கொடியைத் தொட்டுத் திரும்பியது. எதிரே வந்தபோதும் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை, ஓட்டம் மட்டும் இருந்தது.

கொடியைத் தொட்டுத் திரும்பியபோது யெரின் இரண்டாவது. உலர்ந்த மணல் வழியாகச் சாங்ஹோ கூடவே ஓடிவந்தார். இரண்டாவது போதும், மூன்றாவதுகூடப் போதும், நிற்காதே என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் நிற்கவில்லை. ஆனால் அதை ஓட்டம் என்றும் சொல்ல முடியாது. மூட்டையைத் தூக்கவே திண்டாடிய மெலிந்த பெண் ஒருத்தி தாண்டினாள். அடுத்துப் பச்சைப் பனியன் வந்தாள். தாண்டும்போது ஒரு கணம் அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள். கோடு கண்ணுக்கு முன்னால் இருந்தது. பக்கத்து வீட்டு வாசல் தூரம்தான். அந்தத் தூரத்தில் இன்னும் ஒருத்தி தாண்டினாள்.

கோட்டைத் தாண்டி விழுந்தவள் வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தியெடுத்தாள். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று தெரியாது. யாரோ பிடரியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினார்கள். நாரே. பாட்டிலை அவள் கையில் வைத்துவிட்டு, தன் ஜிம் ஆட்கள் கூப்பிட்ட பக்கம் நொண்டியபடி போனாள். ஓடும்போது கொஞ்சமும் தெரியாத நொண்டல்.

கோப்பை நாரேக்கு. சேர்த்துப் பார்த்ததில் அப்போதும் யெரினுக்கு இரண்டாவது இடம் இருந்தது. பச்சைப் பனியன் மூன்றாவது. பரிசுக்குக் கூப்பிடப் போகிறார்கள், முகத்தைக் கழுவிக்கொள் என்றார் சாங்ஹோ. இரண்டாவதும் கெட்டுப்போகவில்லை, போட்டோ எடுக்கலாம் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார். யெரின் முகத்தைக் கழுவினாள். துடைத்துக்கொண்டாள். பிறகு நேராகப் பியோ இருந்த கூடாரத்துக்குப் போனாள்.

"எனக்கு மசில்-அப் வரும் சார். தேகுவுல பண்ணினேன். மத்தியானமே சொல்லியிருக்கணும்."

பியோ அவளை ஏற இறங்கப் பார்த்தார். தோற்ற பிறகு எதற்கு வந்து சொல்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை போலிருந்தது. அடுத்த வருடம் இந்தப் போட்டிக்கு வர முடியாது என்றார். அவள் சரி என்றாள். பெயரை எடுத்துவிட்டார்கள். பச்சைப் பனியன் இரண்டாவது படிக்கு ஏறினாள். மெலிந்த பெண்ணுக்கு மூன்றாவது கிடைத்தது. அவள் நம்ப முடியாமல் தன் பனியனையே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் கலைந்த பிறகு நாரே தேடிக்கொண்டு வந்தாள். கையில் கோப்பை. முகத்தில் எள்ளளவும் சந்தோஷம் இல்லை.

"இப்ப எதுக்குடி போய்ச் சொன்ன?"

"சொல்லணும்னு தோணுச்சு அக்கா."

"உனக்குத் தோணும். உன் மனசு லேசாயிடுச்சு. எனக்கு?" கோப்பையை ஆட்டிக் காட்டினாள். "ஏ பிரிவுக்காரியை மணல்ல முந்தினேன்னு இருந்தேன். இப்ப நீ ஆட்டத்துலயே இல்லையாம். பேரையே எடுத்துட்டாங்க. நான் யாரை முந்தினேன், காத்தையா? நான் எதுக்காக அந்த ஆளுகிட்டப் பொய் சொன்னேன்னு நினைச்ச?"

 நல்லது செய்துவிட்டதாக யெரினுக்கு ஒரு நினைப்பு இருந்தது. அது காலடியில் மணல் மாதிரி நழுவியது.

"ஆனா தோத்தேன்ல" என்றாள் மெதுவாக. "என்னால முடிஞ்ச அளவு ஓடித்தான் தோத்தேன். அளக்கல."

 நாரே அவள் பனியனில் காய்ந்திருந்த வாந்தியையும் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்த தொடையையும் பார்த்தாள்.

"தோத்த" என்றாள் கடைசியில். "அதைப் பாத்தேன்."

 ஊர் திரும்பும் வழியில் சாங்ஹோ வண்டியை நிறுத்தி இரண்டு பேருக்கும் மீன்கேக் சூப் வாங்கிவந்தார். அடுத்த தடவை உன் பேரை நீயே பதிவு பண்ணிக்கொள், நான் தொடமாட்டேன் என்றார். அதைக் கோபமாகச் சொன்னாரா வெட்கத்தில் சொன்னாரா என்று அவள் கேட்கவில்லை. கோடை முடிவதற்குள் ஜிம்மில் மாலை வகுப்பு ஒன்றைக் குறைத்துவிட்டார்கள். யெரின் அங்கேயே இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் தினமும் ஓட ஆரம்பித்தாள். ஓடுவது அவளுக்குப் பிடிக்கவே இல்லை, ஆனாலும் ஓடினாள்.

பி-யில் கோப்பை வாங்கியவர்கள் மேலே போய்த்தான் ஆக வேண்டும். இலையுதிர் காலத்தில் உல்சானில் நடந்த போட்டியில் ஏ பிரிவுக்கான வரிசையில் யெரினோடு நாரேயும் நின்றிருந்தாள். அங்கே பார்பெல்லில் முதலில் வைத்த எடையே அவள் இதுவரை தூக்காத எடை. மூன்று முறை முயன்றாள். மூன்று முறையும் பார்பெல் முழங்காலைத் தாண்டியதும் கீழே விழுந்தது. கைதட்டினார்கள், இரக்கத்தில் தட்டுகிற தட்டு. நாரே காது சிவக்க இறங்கிவந்து யெரினுக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இந்த ஏ பிரிவுல எல்லாம் பேயாட்டம் இருக்காளுங்க" என்றாள். "நீ எப்படிடி ரெண்டு வருஷம் இங்க உக்காந்திருந்த?"

"கடைசியில இடம் எப்பவும் காலியா இருக்கும் அக்கா" என்றாள் யெரின்.

நாரே சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க. அன்றைக்கு அவள்தான் கடைசி. யெரின் அவளுக்கு நாலு இடம் மேலே.